இயக்குநர் குழுவின் பணிப் பின்னணியைப் படிப்பது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அண்ணன், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு நடுத்தர அளவிலான ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பங்குகளை வாங்கி வைத்திருக்கிறார். அந்த நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு மின்னஞ்சலில் வந்ததும், தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, புதிய இயக்குநர் ஒருவரை நியமிக்கும் தீர்மானம் இருந்த பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு ஒரு மாலை என் வீட்டிற்கு வந்தார். "தம்பி, இந்தாளு பெரிய பெரிய எடத்துலலாம் இருந்துகிறாரு. கண்ண மூடிக்கினு ஓட்டுப் போட்டுறலாமா?" என்று கேட்டார். "தொறந்து வெச்சிக்கினே போடலாம்ணே, உக்காருங்க" என்றேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

இதைச் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். செகண்ட் லைன் பீச்சில், 1937-இல் தொடங்கி 2015-இல் மூடப்பட்ட மெட்ராஸ் பங்குச் சந்தைக் கட்டடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்த, நிறுவனங்களின் சட்டப்படியான ஆவணங்களைக் கவனிக்கும் ஒரு கம்பெனி செக்ரட்டரி அலுவலகத்தில் நான் பல ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்தேன். இயக்குநர்களின் அறிமுகப் பத்திகளைத் தட்டச்சு செய்ததும் திருத்தியதும் பல முறை எழுதியதும் நான்தான். ஒரு முறை ஓர் இயக்குநரின் உதவியாளர் தொலைபேசியில் அழைத்து, "சாரோட பேராவுல அந்தக் கம்பெனி பேரு இருக்கட்டும், வருஷம் மட்டும் வேணாம்" என்றார். அவர் அந்த நிறுவனத்தில் இருந்தது மொத்தமே பதினான்கு மாதங்கள். ஆண்டை நீக்கியதும் அந்தப் பதினான்கு மாதம் ஒரு வாழ்நாள் பணியைப் போலத் தோற்றம் கொண்டுவிட்டது. அதில் எந்தப் பொய்யும் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது: அறிமுகப் பத்தி என்பது அந்த மனிதரும் அந்த நிறுவனமும் சேர்ந்து வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை. வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை அதே ஆண்டறிக்கையின் வேறு பக்கங்களில்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது

பலரும் நிறுவனத்தின் இணையதளத்தில் 'எங்கள் தலைமை' என்ற பக்கத்தைத் திறந்து, புகைப்படங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் விளம்பரத்திற்கானது. சட்டத்திற்குக் கட்டுப்பட்டு எழுதப்பட்ட இடங்கள் இரண்டு இருக்கின்றன. ஆண்டறிக்கையில் நிறுவன ஆளுகை அறிக்கை என்ற பகுதி ஒன்று. பொதுக்கூட்ட அறிவிப்பின் கடைசியில், நியமிக்கப்படவோ மறுநியமனம் பெறவோ இருக்கும் இயக்குநர்களைப் பற்றிய இணைப்பு மற்றொன்று. முன்னதைவிட இந்த இரண்டாவதே எனக்குப் பிடித்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்காக, சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி கொண்டுவந்த 2015 விதிமுறைகளின்படி, நியமிக்கப்படுபவரின் சுருக்கமான பணி வரலாறு, எந்தத் துறையில் அவருக்கு நிபுணத்துவம், மற்ற இயக்குநர்களோடு உறவுமுறை உண்டா, வேறு எந்தப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் இருக்கிறார், கடந்த மூன்று ஆண்டுகளில் எவற்றிலிருந்து விலகினார், எத்தனை பங்குகள் வைத்திருக்கிறார் என்பனவற்றை அங்கே தந்தாக வேண்டும். சுயேச்சை இயக்குநர் என்றால் அந்தப் பொறுப்புக்கு என்ன திறன் தேவை, இவர் அதை எப்படி நிறைவு செய்கிறார் என்பதையும் எழுத வேண்டும். 'விலகிய நிறுவனங்கள்' என்ற வரியை யாரும் பார்ப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அறிவிப்பு, கூட்டத்திற்கு முழுமையாக 21 நாட்களுக்கு முன்னால் அனுப்பப்பட வேண்டும் என்பதால், அவசரப்படத் தேவையில்லாத அளவுக்கு அவகாசம் உண்டு. பெரும்பாலான நிறுவனங்களுக்கு நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், ஜூலையிலிருந்து செப்டம்பர் கடைசி வரை இந்த அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும்.

பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள நிறுவனங்களில் வேலை செய்யும் நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குகள் சம்பளத்தோடு சேர்ந்து கிடைக்கின்றன. 2010-இல் சென்னையில் தொடங்கப்பட்டு 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தைக்குச் சென்ற ஃபிரெஷ்வொர்க்ஸ் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அத்தகைய நிறுவனங்கள் பங்குதாரர் கூட்டத்திற்கு முன் வெளியிடும் 'பிராக்ஸி ஸ்டேட்மென்ட்' என்ற ஆவணத்தை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வோர் இயக்குநரும் கடந்த ஐந்து ஆண்டுகளில் செய்த வேலை, அதே ஐந்து ஆண்டுகளில் வகித்த மற்ற இயக்குநர் பதவிகள், பத்து ஆண்டுகளுக்குள் குறிப்பிட்ட வகை வழக்குகளில் சிக்கியிருந்தால் அந்த விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

ஒரு நோட்டும் பேனாவும்

படிக்கத் தொடங்கும் முன் ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் ஒருவருக்கு ஒரு வரி. பெயர், வகை, முதன்முதலில் நியமிக்கப்பட்ட நாள், அதற்கு முன் எங்கே என்ன பொறுப்பில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, இப்போது வேறு எங்கெல்லாம் இருக்கிறார், இங்கே தணிக்கைக் குழு போன்ற எந்தத் துணைக்குழுவில் இருக்கிறார், கூட்டங்களுக்கு எத்தனை முறை வந்தார் என்று கட்டம் பிரித்துக்கொண்டால் போதும். கணினியில் எக்செல் தெரிந்தவர்கள் அதில் செய்யலாம். ஆனால் கையால் எழுதும்போது காலியாக இருக்கும் கட்டம் கண்ணை உறுத்தும் என்பது என் அனுபவம்.

வகையைப் பற்றி ஒரு வார்த்தை. நிர்வாக இயக்குநரும் முழுநேர இயக்குநர்களும் அன்றாடம் நிறுவனத்தை நடத்துபவர்கள், அங்கேயே சம்பளம் வாங்குபவர்கள். சம்பளம் வாங்காமல் குழுவில் மட்டும் இருப்பவர்களில், முதலீட்டு நிறுவனமோ தாய் நிறுவனமோ அனுப்பிய பிரதிநிதிகள் ஒரு வகை. நிறுவனத்தோடும் அதை நடத்துபவர்களோடும் பொருளாதாரத் தொடர்பு இல்லாதவர் என்று சட்டம் எதிர்பார்க்கும் சுயேச்சை இயக்குநர்கள் மற்றொரு வகை. இவர்களைத்தான் பலரும் 'இன்டிபென்டன்ட் டைரக்டர்' என்று சொல்கிறார்கள். நிறுவனங்கள் சட்டம் 2013-இன்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும். குழுவின் தலைவர் நிறுவனத்தை நடத்துபவராகவோ நிறுவனரின் குடும்பத்தைச் சேர்ந்தவராகவோ இருந்தால் செபியின் விதி பாதி என்கிறது.

ஒரே பணி வரலாறு, உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பொறுத்து வேறு பொருள் தரும். நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்து, திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-இல் டி.சி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்து, 2009-இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியாகி, 2017-இல் அதன் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் தலைவரான என். சந்திரசேகரனின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுகளும் பொறுப்புகளும் துல்லியமாக இருப்பதால், அந்தத் தொழிலின் அடிமுதல் நுனிவரை அறிந்தவர் என்பதில் ஐயமே எழாது. ஆயினும் டி.சி.எஸ். இயக்குநர் குழுவில் அவர் தாய் நிறுவனத்தின் தலைவராகவே இருக்கிறார், சுயேச்சை இயக்குநராக அல்ல. அறிவு ஆழமாக இருப்பதும் விலகி நின்று கேள்வி கேட்பதும் வெவ்வேறு பொறுப்புகள். ஒரே ஆளிடம் இரண்டையும் எதிர்பார்க்கக் கூடாது. குழு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது இரண்டும் இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

வினைச்சொற்களைப் பிடியுங்கள்

அண்ணன் கொண்டுவந்த பக்கத்தில் இருந்த பத்தியைப் போலவே ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன்: "முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலான அனுபவம் கொண்ட தொலைநோக்குத் தலைவர். உலகளாவிய தொழில்நுட்ப நிறுவனங்களில் பல்வேறு மூத்த பொறுப்புகளை வகித்தவர். டிஜிட்டல் மாற்றம், செயற்கை நுண்ணறிவு, நிறுவன ஆளுகை ஆகியவற்றில் ஆழ்ந்த புலமை உடையவர். புகழ்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முன்னாள் மாணவர். எண்ணற்ற புதுத்தொழில் நிறுவனங்களின் வழிகாட்டி." ஐந்து வாக்கியங்கள். நோட்டில் எதையாவது எழுத முயன்று பாருங்கள். ஒரு நிறுவனத்தின் பெயர் இல்லை, ஓர் ஆண்டு இல்லை, ஒரு பதவி இல்லை. 'வகித்தவர்' என்பதைத் தவிர ஒரு வினைகூட இல்லை, அதுவும் எதை என்று சொல்லாத வினை.

இப்போது இன்னொன்று: "1994-இல் ஒரு பொதுத்துறை வங்கியின் கணினிப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். 2003 முதல் 2011 வரை அதன் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்து, கிளைகள் அனைத்தையும் ஒரே மென்பொருளின் கீழ் கொண்டுவரும் திட்டத்தை நடத்தினார். 2012 முதல் 2019 வரை ஒரு பணப் பரிமாற்ற நிறுவனத்தின் செயல் இயக்குநர்." பெருமைச் சொல் எதுவும் இல்லாத இந்தப் பத்தியில் மூன்று இடங்களில் விசாரிக்கலாம். அந்தத் திட்டம் குறித்த காலத்தில் முடிந்ததா, அந்தப் பணப் பரிமாற்ற நிறுவனம் அவர் காலத்தில் வளர்ந்ததா தேய்ந்ததா, 2019-க்குப் பிறகு என்ன செய்கிறார் என்று கேள்விகள் தாமாக எழுகின்றன. நல்ல அறிமுகப் பத்தியின் அடையாளம் அதுதான்: சரிபார்க்க இடம் தரும்.

'ஆலோசனை வழங்கினார்', 'தொடர்புடையவர்', 'இணைந்து பணியாற்றினார்', 'பங்களித்தார்' என்பவை எச்சரிக்கை தர வேண்டிய சொற்கள். ஒரு நிறுவனத்திற்கு இரண்டு மணி நேரம் ஆலோசனை சொன்னவரும் பத்தாண்டு ஆலோசகராக இருந்தவரும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். 'நடத்தினார்', 'உருவாக்கினார்', 'கணக்குகளில் கையெழுத்திட்டார்' என்பன வேறு. இலாபமோ நட்டமோ அவர் தலையில் விழுந்திருக்கிறது.

படிப்பு விஷயத்தில், அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சில வாரங்கள் நடக்கும் நிர்வாகப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவரும் தம்மை அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் என்று எழுதிக்கொள்வது உண்டு. பட்டத்தின் பெயரும் பெற்ற ஆண்டும் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். சொல்லப்போனால் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு எங்கே படித்தார் என்பதைவிடக் கடைசிப் பத்தாண்டுகளில் என்ன செய்தார் என்பதே முக்கியம். அதிலும் தொழில்நுட்பத்தில் இது இரட்டிப்பு உண்மை: பெருங்கணினிகளின் காலத்தில் பெயர் பெற்று 2000-க்கு முன்பே ஒதுங்கிவிட்டவரின் 'தொழில்நுட்ப அனுபவம்' இன்றைய கிளவுட் சேவை ஒப்பந்தம் ஒன்றை மதிப்பிட எவ்வளவு உதவும் என்று யோசிக்க வேண்டும்.

எல்லோரும் பொறியாளர்களாக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தொழில்நுட்ப நிறுவனம் என்றதும் குழு முழுவதும் கணினி வல்லுநர்கள் நிறைந்திருக்க வேண்டும் என்று நினைப்பது, ரயில் பெட்டித் தொழிற்சாலையை வெல்டர்கள் மட்டுமே நடத்த வேண்டும் என்பதைப் போன்றது. இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்துவிட்டு, "நாங்க நடத்தியிருந்தா நல்லாத்தான் நடத்தியிருப்போம்" என்றார். ஆப்பிள் நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு 2011-இல் தலைவரான ஆர்தர் லெவின்சன், ஜெனன்டெக் என்ற உயிர்த்தொழில்நுட்ப மருந்து நிறுவனத்தை நடத்தியவர். அதே குழுவில் இடம்பெற்ற சூசன் வாக்னர், பிளாக்ராக் முதலீட்டு நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். கணக்கு, சட்டம், மனிதவளம், வாடிக்கையாளரின் தொழில் ஆகியவற்றை அறிந்தவர்களும் தேவை.

எனவே கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: இந்த நிறுவனம் எதில் அடிபடக்கூடும்? சேவை நிறுவனம் என்றால் அதன் வருமானம் டாலரில் வருகிறது, சில பெரிய வாடிக்கையாளர்களை நம்பியிருக்கிறது, ஊழியர்கள் விலகினால் திண்டாடுகிறது. மென்பொருளைத் தானே செய்து விற்கும் நிறுவனம் என்றால் பொருளை மேம்படுத்த எவ்வளவு செலவிடுவது, எந்தச் சந்தையை விடுவது என்பதே பிழைப்பு. மக்களின் தகவல்களைச் சேமித்து வைக்கும் நிறுவனம் என்றால் இணையப் பாதுகாப்பு. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களிலுள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் இடர் மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டும், அதன் வேலையில் இணையப் பாதுகாப்பும் அடங்க வேண்டும் என்று செபியின் விதி கூறுகிறது. அந்தக் குழுவில் இருப்பவர்களின் பெயர்களை எடுத்து, உங்கள் நோட்டில் அவர்களுடைய வரிகளோடு பொருத்திப் பாருங்கள். இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் குழுவில் அந்த வேலையைத் தம் வாழ்நாளில் ஒரு முறையாவது செய்தவர் ஒருவர்கூட இல்லை என்று கண்டால், கூட்டத்தில் கேட்பதற்கு உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

தணிக்கைக் குழுவுக்கும் இதே சோதனைதான். அதில் குறைந்தது மூன்று இயக்குநர்கள், மூன்றில் இரண்டு பங்கு சுயேச்சையானவர்கள், எல்லோருக்கும் நிதிநிலை அறிக்கையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்காவது கணக்கியலிலோ நிதி மேலாண்மையிலோ நிபுணத்துவம் வேண்டும். அந்த ஒருவர் யார் என்று விரல் வைத்துச் சொல்ல முடிகிறதா?

ஆண்டறிக்கையில் திறன் அட்டவணை என்று ஒன்று இருக்கும். இயக்குநர்களின் பெயர்கள் ஒரு பக்கம், திறன்கள் மறுபக்கம், நடுவில் டிக் அடையாளங்கள். பெயரோடு சேர்த்து அதை வெளியிடுவது 2020 மார்ச்சில் முடிந்த நிதியாண்டிலிருந்து கட்டாயமாயிற்று. நல்ல நோக்கத்தோடு வந்த விதிதான். ஆனால் பல அறிக்கைகளில் எல்லோருக்கும் எல்லாத் திறனும் இருப்பதாக டிக் அடித்திருப்பார்கள், வீட்டுப்பாடத்தைத் திருத்தாமலே கையெழுத்துப் போட்டுத் தரும் ஆசிரியரைப் போல. சில கட்டங்களைக் காலியாக விட்டிருக்கும் அட்டவணையை நான் கூடுதலாக நம்புகிறேன்.

சத்யம் சொல்லும் பாடம்

பணிப் பின்னணியின் எடையைப் பற்றிப் பேசும்போது ஹைதராபாத்தைச் சேர்ந்த மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2008-இன் இறுதியில் அதன் இயக்குநர் குழுவில் யார் யார் இருந்தார்கள்? ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் ஒருவர், இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சிப்போடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் பொறியாளர் ஒருவர், இந்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் ஒருவர், ஐ.ஐ.டி. டெல்லியின் முன்னாள் இயக்குநர் ஒருவர், ஹைதராபாத் இந்திய வணிகப் பள்ளியின் முதல்வர் (டீன்) ஒருவர். தொழில்நுட்பம், கணக்கு, அரசு, கல்வி எல்லாம் இருந்தன. எந்த அட்டவணையை வைத்து மதிப்பெண் போட்டாலும் அந்தக் குழு முதல் வகுப்பில் தேறியிருக்கும்.

2008 டிசம்பர் 16 அன்று அந்தக் குழு, நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய மேட்டாஸ் என்ற பெயரிலான இரண்டு நிறுவனங்களை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் அளித்தது. மென்பொருள் நிறுவனம் ஒன்று வீடு, மனை, கட்டுமானத் தொழிலில் இறங்குவதற்கு! முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்திற்குள் அந்த முடிவு கைவிடப்பட்டது. அடுத்த சில வாரங்களில் சுயேச்சை இயக்குநர்கள் சிலர் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். 2009 ஜனவரி 7 அன்று ராஜு எழுதிய கடிதத்தில், நிறுவனத்தின் கணக்கில் காட்டப்பட்ட ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த இயக்குநர்களின் அறிமுகப் பத்திகளில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பத்திகள் சொல்லாத மூன்றை ஒரு சிறு பங்குதாரர் அன்றே கேட்டிருக்கலாம்: இவர்களை அழைத்து வந்தவர் யார், இவர்களுக்குக் குழுவில் இருப்பதற்காக அல்லாமல் வேறு வகையில் இங்கிருந்து பணம் போகிறதா, தலைவர் கொண்டுவரும் தீர்மானத்திற்கு எதிராக இவர்களில் எவரேனும் என்றைக்காவது வாக்களித்ததுண்டா?

பின்னர் மத்திய அரசு அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு நியமித்தவர்களின் பின்னணியைப் பாருங்கள். வீட்டுக்கடன் நிறுவனத்தை நடத்திய தீபக் பரேக், மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமின் தலைவராக இருந்த கிரண் கார்னிக், பங்குச் சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த சி. அச்சுதன் ஆகியோர் முதலில் வந்தார்கள். சில நாட்களில் தொழில் கூட்டமைப்பைச் சேர்ந்த தருண் தாஸும், சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளரும் அவர்களுடைய அகில இந்தியக் கழகத்தின் தலைவராக இருந்தவருமான டி.என். மனோகரனும், எல்.ஐ.சி.யிலிருந்து ஒருவரும் சேர்ந்தார்கள். நொறுங்கிய நிறுவனத்திற்கு உடனடியாகத் தேவைப்பட்டவை வாடிக்கையாளரின் நம்பிக்கை, சம்பளத்திற்குப் பணம், சரியான கணக்கு, சட்டத்தைச் சமாளிக்கும் திறன். ஆளுக்கு ஒரு தேவை என்று பொருத்திப் பார்க்க முடிகிற குழு அது. ஏப்ரல் மாதமே நிறுவனம் டெக் மகிந்திராவின் கைக்குப் போய் உயிர் பிழைத்தது.

புகழை நிபுணத்துவமாக எடுத்துக்கொள்வது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. ஒரு துளி இரத்தத்தில் எல்லாப் பரிசோதனைகளும் செய்வதாகச் சொல்லிய தெரனோஸ் நிறுவனத்தின் குழுவில், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஜார்ஜ் ஷுல்ட்ஸும் ஹென்றி கிஸ்ஸிஞ்சரும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரியும் இருந்தார்கள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தை நடத்திப் பழகியவரைத் தேடினால் கிடைப்பது அரிது.

யாரோடு யார்

சுயேச்சை இயக்குநர் என்ற பெயரைச் சட்டம் எளிதாகத் தருவதில்லை. முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருந்தவரும், அதன் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தவரும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. சட்ட அல்லது ஆலோசனை நிறுவனம் வைத்திருப்பவர் என்றால், அந்த அலுவலகத்தின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ இந்த நிறுவனத்திடமிருந்து வரக்கூடாது. ஆனால் சட்டத்தின் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவரெல்லாம் மனத்தளவில் விலகி நிற்பவர் என்று பொருளாகாது. 9 விழுக்காடு வருமானமும் வருமானம்தான். ஆகவே இயக்குநரின் பழைய வேலைகளை, ஆண்டறிக்கையின் பிற்பகுதியில் தொடர்புடைய தரப்பினரோடு (அதாவது நிறுவனத்தை நடத்துபவர்கள், அவர்களைச் சார்ந்தவர்கள் போன்றோரோடு) நடந்த பரிவர்த்தனைகள் என்ற குறிப்போடு ஒப்பிடுங்கள். ஊதியம் பற்றிய அட்டவணையில் கூட்டத்திற்கான அமர்வுத் தொகை, இலாபத்தில் தரப்படும் கமிஷன் ஆகிய இரண்டைத் தவிர மூன்றாவதாக ஏதேனும் தொகை இருந்தால் அது எதற்கு என்று பாருங்கள். சுயேச்சை இயக்குநருக்கு ஊழியர்களுக்குத் தரும் பங்கு விருப்ப உரிமையைத் தரக்கூடாது என்பதும் சட்டம்.

நோட்டில் எழுதிய வரிகளுக்கு இடையே கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு இயக்குநர்கள் பத்தாண்டுக்கு முன் ஒரே நிறுவனத்தில் மேலாளரும் உதவியாளருமாக இருந்தார்களா? நிறுவனரோடு ஒரே கல்லூரியில் ஒரே ஆண்டில் படித்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர் இருந்தால் தற்செயல். நான்கு பேர் இருந்தால் அது பழைய மாணவர் சங்கம். எதிர்த்திசையிலும் முடிச்சு விழலாம். கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த எரிக் ஷ்மிட் ஆப்பிளின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். ஆண்ட்ராய்டும் குரோம் இயங்குதளமும் ஆப்பிளின் தொழிலுக்குள் நுழைந்ததும் 2009 ஆகஸ்டில் அவர் ஆப்பிள் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. நியமனத்தின்போது பொருத்தமாக இருந்த பின்னணி, சந்தை நகர்ந்ததும் முரணாகிவிட்டது.

காலமும் ஒரு பின்னணிதான். சுயேச்சை இயக்குநர் ஐந்தைந்து ஆண்டாக இரண்டு தவணைக்கு மேல் தொடர்ந்து இருக்க முடியாது, மூன்று ஆண்டு விலகியிருந்த பிறகே திரும்பலாம். ஒன்பதாவது ஆண்டில் இருப்பவரின் வரியைப் பார்க்கும்போது, அவருடைய நட்பும் ஒன்பது வயது நிரம்பியது என்பதை நினைவில் வையுங்கள்.

நேரம் இருக்கிறதா

ஒருவர் ஏழு பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு மேல் இயக்குநராக இருக்க முடியாது. ஏதேனும் ஒரு பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் முழுநேரப் பொறுப்பில் இருப்பவர், மூன்று நிறுவனங்களுக்கு மேல் சுயேச்சை இயக்குநராக இருக்க முடியாது. ஏழு என்பது உச்சவரம்பு, பரிந்துரை அல்ல. ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கூட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான பக்கங்கள், அதற்கு மேல் துணைக்குழுக் கூட்டங்கள் என்று கணக்குப் போட்டால் ஐந்து நிறுவனங்களே பெரும் சுமை. வருகைப் பதிவை அறிக்கையிலேயே தந்திருப்பார்கள். ஆறில் மூன்று கூட்டங்களுக்கு வந்தவரின் முப்பத்தைந்து ஆண்டு அனுபவத்தில் நிறுவனத்திற்குக் கிடைத்தது பாதிதான்.

சரிபார்ப்பு வேலையை விரைவாக முடிக்கலாம். ஒவ்வோர் இயக்குநருக்கும் டின் என்ற எட்டு இலக்க அடையாள எண் உண்டு. கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தின் தளத்தில் அதைக் கொண்டு தேடலாம். தகுதி இழந்தவர் எவரும் குழுவில் இல்லை என்று கம்பெனி செக்ரட்டரி ஒருவர் தரும் சான்றிதழும் ஆண்டறிக்கையில் இருக்க வேண்டும். செபியின் தளத்தில் ஆணைகள் பகுதியில் பெயரைப் போட்டுப் பாருங்கள். அவர் முன்பு இருந்த நிறுவனம் நொடித்துப் போயிருந்தால், நம் ராஜாஜி சாலையிலேயே அமர்வு நடத்தும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் போன்ற இடங்களின் ஆணைகளும் இணையத்தில் கிடைக்கும். சுயேச்சை இயக்குநர் தவணை முடியும் முன் விலகினால், அவருடைய விலகல் கடிதம் காரணத்தோடு ஏழு நாட்களுக்குள் பங்குச் சந்தையின் தளத்தில் வெளியாக வேண்டும். 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த மாதமே வேறொரு குழுவில் சேர்ந்தவரின் கடிதங்களை நான் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அது ஒரு பொழுதுபோக்கு.

வாக்கு

சுயேச்சை இயக்குநரைப் பட்டியலிடப்பட்ட நிறுவனம் நியமிப்பதற்கு 2022 ஜனவரி முதல் சிறப்புத் தீர்மானம் தேவை. அதாவது ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அது கிட்டாவிட்டாலும், மொத்த வாக்குகளிலும் பொதுப் பங்குதாரர்களின் வாக்குகளிலும் ஆதரவு எதிர்ப்பைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று 2022 நவம்பரில் விதி தளர்த்தப்பட்டது. நம்மிடம் இருப்பது இருநூறு பங்குதானே என்ற எண்ணம் வரும். ஆனால் கூட்டத்திற்கு முன்பே பெயரைப் பதிவு செய்து கொண்டு ஒரு கேள்வியைக் கேட்க இருநூறு பங்கே அதிகம். மின்னணு வாக்கெடுப்பு குறைந்தது மூன்று நாட்கள் திறந்திருந்து, கூட்டத்திற்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடப்படும். கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள், ஓ.டி.பி. வராமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

அன்று மாலை அண்ணனும் நானும் எட்டு இயக்குநர்களுக்கும் வரி போட்டு முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது. புதிதாக வருபவரின் வரியில் நான்கு கட்டங்கள் காலி. இணைப்பில் தேடியபோது மூன்று ஆண்டுகளில் இரண்டு நிறுவனங்களிலிருந்து விலகியிருந்தது தெரிந்தது. மறுநியமனத்திற்கு நின்ற மற்றோர் இயக்குநர், தணிக்கைக் குழுவின் தலைவர், பத்தியில் அலங்காரம் எதுவுமே இல்லாத ஒரு பெண் கணக்காளர். எல்லாக் கூட்டங்களுக்கும் வந்திருந்தார். அண்ணன் செல்பேசியை எடுத்து அவருக்கு ஆதரவாகவும் புதியவருக்கு எதிராகவும் வாக்களித்தார். புதியவர் பெரும்பான்மையோடு வென்றார் என்பதை வாக்கெடுப்பு முடிவு வந்தபோது பார்த்தோம். அந்தத் தாளை அவர் அதே நோட்டில் ஒட்டி வைத்து, "அடுத்த வருஷம் இவரு எத்தினி மீட்டிங்குக்கு வந்தாருன்னு பாக்கணும் தம்பி" என்று புதியவரின் பெயருக்கு நேரே பேனாவால் ஒரு கட்டம் வரைந்தார்.